பெரியம்மாவின் இடது கன்னம்

ஆடி அமாவாசைக்குச் சமைத்த அன்று பெரியம்மா பாயாசத்தை ஆறவைத்தா, இன்னும் ஆறவைத்தா, கடைசியில் குடிக்காமலே கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தா. நான் பார்த்தேன். சூடாக இருக்கும் என்று நினைத்தேன். ஆவணியில் மீன் குழம்பைத் தொடாமல் வெறும் சொதியோடு சோறு சாப்பிட்டா. அதையும் பார்த்தேன். ஐப்பசி மழை தொடங்கி, சாம்பல்தீவு வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பின்னேரம் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டா.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாத. இதுக்குள்ள ஒருக்காப் பார்."

வாயைத் திறந்தா. முழுதாகத் திறக்க முடியவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு புண், ஏறக்குறைய ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. ஓரம் தடித்து, நடுவில் குழி விழுந்து, சுற்றிவர வெள்ளை படர்ந்திருந்தது. விரலால் தொட்டேன். சாதாரண வாய்ப்புண் மெத்தென்று இருக்கும். இது தழும்பு மாதிரி இறுகியிருந்தது.

"எப்ப வந்தது?"

"ஆடிக்கு முன்னமே. பாமசியில பூசுமருந்து வாங்கிப் பூசினனான். விற்றமினும் போட்டனான். காயுதில்ல."

மூன்று மாதத்துக்கு மேல். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த மூன்று மாதத்துக்காகத்தான். பெரியம்மா சோம்பலில் இருந்துவிடவில்லை, அறியாமையிலும் இருக்கவில்லை. அவவுக்குத் தெரிந்திருந்தது. தன் மாமியார் அதே வருத்தத்தில் ஒரு பின்னறையில் கிடந்து இறந்ததைப் பார்த்தவ. அந்த அறைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். பெயரைச் சொல்லமாட்டார்கள். "அந்த வருத்தம்", "பொல்லாத வருத்தம்" என்று மட்டும் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அப்படி ஒரு அறைக்குள் தானும் போகப் போகிறேன் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறா. அதனால்தான் நான் இங்கே பெயரைச் சொல்லியே எழுதப்போகிறேன். புற்றுநோய்.

இந்தச் சொல்லையே கொஞ்சம் பார்க்கவேண்டும். பழைய கிரேக்க மருத்துவர்கள் இதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்து ஓடுகிற இரத்தக்குழாய்கள் நண்டின் கால்களைப்போல் தெரிந்தனவாம். நாங்கள் புற்று என்றோம். மேலே ஒரு முழம் மண் தெரியும், கீழே எத்தனை முழத்துக்கு எந்தப் பக்கம் வழி போகிறது என்று யாருக்கும் தெரியாது. வெளியே தெரிகிற மண்ணை மண்வெட்டியால் தட்டிவிட்டால் புற்று அழிந்துவிடாது. பிறகு சத்திரசிகிச்சை டொக்டர் பெரியம்மாவின் கன்னத்தில் புண்ணைச் சுற்றி நல்ல சதையிலும் ஒரு விளிம்பு சேர்த்து வெட்டவேண்டும் என்று சொன்னபோது எனக்கு இந்தப் புற்றுத்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு இடத்தில் இந்த உவமை பிழைக்கிறது. கறையான் வெளியிலிருந்து வருவது. புற்றுநோய் வெளியிலிருந்து வருவதில்லை. அது எங்களுடைய கலம்தான்.

ஒரு மனித உடம்பில் சுமார் 30 இலட்சம் கோடி கலங்கள் இருக்கின்றன. பழையவை சாகும், புதியவை பிரிந்து உண்டாகும். எப்போது பிரிவது, எப்போது நிற்பது, பழுதானால் எப்போது தானாகச் சாவது என்ற கட்டளையெல்லாம் கலத்துக்குள் இருக்கிற டி.என்.ஏ.யில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அந்த எழுத்து முழுவதையும் பிரதி எடுக்கவேண்டும். பிரதி எடுக்கையில் பிழை வரும். பெரும்பாலான பிழைகளைக் கலமே திருத்திவிடும், முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். திருத்தாமல் தப்பிய பிழைகள் வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, "பிரி" என்ற கட்டளை அணையாமலும் "நில்" என்ற கட்டளை வேலை செய்யாமலும் போகிற ஒரு கலம் உண்டாகிறது. அங்கேதான் தொடக்கம். அது இரண்டாகும், நாலாகும், எட்டாகும். கையில் தட்டுப்படுகிற ஒரு சென்ரிமீற்றர் கட்டிக்குள் சுமார் 100 கோடி கலங்கள் இருக்கும் என்கிறார்கள். அதாவது நாங்கள் "சின்னக் கட்டி" என்று சொல்லும்போதே அது நீண்ட தூரம் வந்துவிட்டது.

வாயின் உட்தோல் உடம்பிலேயே வேகமாகப் புதுப்பிக்கப்படுகிற இடங்களில் ஒன்று. சுமார் இரண்டு கிழமையில் பழைய தோல் போய்ப் புதியது வந்துவிடும். கன்னத்தைக் கடித்துக்கொண்டால் சீக்கிரம் ஆறுவது அதனால்தான். மூன்று கிழமைக்கு மேல் ஒரு வாய்ப்புண் ஆறாமல் இருந்தால் உடனே காட்டவேண்டும் என்று டொக்டர்மார் சொல்வதற்கும் அதுதான் காரணம். ஆறியிருக்கவேண்டிய காலம் கடந்துவிட்டது.

பெரியம்மா 22 வயதில் கலியாணம் முடித்த பிறகு வெற்றிலை போடத் தொடங்கினவ. இப்போது 64. கருவாடு காயப்போடும்போதும், கோயில் வாசலில் இருந்து கதைக்கும்போதும், நித்திரைக்குப் போகும்போதுகூட அந்த இடது கன்னத்துக்குள் ஒரு உருண்டை இருக்கும். அதே கன்னம். அதே இடம்.

"புகையிலையை விட்டு பத்து வருசம் பிள்ளை. வெறும் பாக்குத்தானே" என்று டொக்டரிடமும் சொன்னா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் பாக்கையே, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறது. சுண்ணாம்பு சேரும்போது பாக்கின் சாறு தோலைத் தாக்குவது இன்னும் கூடுகிறது. பாக்கு செய்கிற இன்னொரு வேலை, கன்னத்தின் உட்சதையை நார் நாராக இறுக்குவது. பெரியம்மாவால் வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போனது அதனால்தான், புண்ணால் மட்டும் அல்ல. சொந்தக் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், புண் ஒன்றும் இல்லாவிட்டாலும், போய்க் காட்டுங்கள்.

இது எழுதக் கஷ்டமான பந்தி. தட்டத்தில் வெற்றிலை பாக்கு இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு நல்ல காரியமும் தொடங்குவதில்லை. தட்டத்தில் வைத்துக் கொடுப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்.

அடுத்த நாள் திருகோணமலை பொது ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே புண்ணின் ஓரத்தில், விறைக்க ஊசி போட்டு, அரிசி மணி அளவு சதை எடுத்தார்கள். பயொப்சி. வீட்டில் அன்றிரவே சண்டை. "கத்தி பட்டால் பரவும்" என்று சித்தி அழுதா. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்திருக்கிறேன். முந்தின தலைமுறையில் பெரும்பாலானோர் மிகவும் பிந்தித்தான் போனார்கள். போனதும் சதை எடுத்தார்கள். சில மாதத்தில் ஆள் இறந்தார். பார்த்தவர்களின் கண்ணில் கத்தியும் சாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இப்படி வாய்ப்புண்ணில் சதை எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தச் சிறு துண்டு இல்லாமல் என்ன நோய், எந்த வகை என்று எந்த டொக்டராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. புற்றுநோய் ஒரே நோயும் அல்ல. நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "அவருக்கு அந்த மருந்தில் சுகம் வந்ததே, எங்களுக்கு ஏன் தரவில்லை" என்று வாட்டில் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வகை வேறு என்பதுதான் பதில்.

அறிக்கை வந்தது. கன்னத்தின் உட்தோலில் உள்ள தட்டையான கலங்களில் தொடங்கிய புற்றுநோய். பிறகு ஸ்கான். கட்டி எவ்வளவு பெரிது, நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் எடுத்துத்தான் எத்தனையாம் கட்டம் என்று சொல்கிறார்கள். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், எல்லோருக்கும் தெரியும். வாயில் உள்ள கெடுதிக்கு நெறி கழுத்தில். உடைந்து போகிற புற்றுக்கலங்கள் முதலில் போய் மாட்டிக்கொள்கிற வலை அது. பெரியம்மாவின் கட்டி இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, இடது கழுத்தில் ஒரு நெறியும் வீங்கியிருந்தது. மூன்றாம் கட்டம். நெறிக்குப் போகாமல் இருந்திருந்தால் இதே அளவுக் கட்டி இரண்டாம் கட்டம். அந்த நெறி எப்போது வீங்கியது, ஆடியிலா புரட்டாதியிலா என்று நான் இரவில் கணக்குப் பார்த்துக்கொண்டே கிடந்த நாட்கள் உண்டு. பாயாசக் கிண்ணம் உள்ளே போன அன்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு மெயில் ரயிலில் போனோம். கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையில் 138 பஸ். பெரியம்மாவுக்குச் சிங்களத்தில் பத்துச் சொல்கூடத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் தெற்கிலிருந்து வந்த ஒரு அம்மா, அவவுக்கும் கன்னத்தில்தான். முதல் நாளே இருவரும் ஒருவர் வாயை ஒருவர் காட்டிக்கொண்டார்கள். அந்த அம்மா தன் கன்னத்தைத் தொட்டு "புலத்" என்றா. பெரியம்மா தன் கன்னத்தைத் தொட்டு "வெத்திலை" என்றா. அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

சத்திரசிகிச்சைக்குக் காலையில் கொண்டுபோனார்கள், பின்னேரம்தான் வெளியே வந்தா. கன்னத்துச் சதையை வெட்டி, கழுத்தின் இடது பக்க நெறிகளைக் கூட்டமாக எடுத்து, நெஞ்சுச் சதையை இரத்தக்குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து கன்னத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். எழும்பியதும் கையால் கண்ணாடி கேட்டா. நான் கொடுக்கவில்லை. அடுத்த நாள் பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்துவிட்டா. பெரியம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தா.

எடுத்த சதை முழுவதையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து இரண்டாவது அறிக்கை வந்தது. விளிம்பு சுத்தம். நெறிகளில் ஒன்றில் மட்டும் நோய், அதுவும் நெறியின் உறையை உடைத்து வெளியே வரவில்லை. அதனால் கீமோதெரபி என்கிற ஊசிமருந்து தேவையில்லை, கதிர் மட்டும் போதும் என்றார்கள். விளிம்பில் நோய் தங்கியிருந்தாலோ உறை உடைந்திருந்தாலோ இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள்.

எங்கள் சனம் கதிர் சிகிச்சையைக் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்லும். பெரியம்மா அதைக் கேட்டுப் பயந்துபோனா. "கரண்ட் அடிக்குமே பிள்ளை?" அடிக்காது. அது மின்சாரம் அல்ல. எக்ஸ்ரே போன்ற கதிர்தான், அதைவிடப் பல மடங்கு சக்தி கூடியது. 1895 இன் கடைசியில் ரொன்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களிலேயே புற்றுநோய்க்கு அதை முயன்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கதிர் கலத்தின் டி.என்.ஏ.யை உடைக்கிறது. நல்ல கலத்தையும் உடைக்கிறது, கெட்ட கலத்தையும் உடைக்கிறது. நல்ல கலம் அடுத்த நாளுக்குள் பெருமளவு திருத்திக்கொள்ளும். புற்றுக்கலத்துக்குத் திருத்துகிற வேலை சரியாக வராது. ஆகவே ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். பெரியம்மாவுக்கு 30 தடவை. கிழமைக்கு 5 நாள், 6 கிழமை. நாங்கள் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை, ஆனால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் காசு வேண்டும். பெரியம்மாவின் ஒரு சோடி காப்பு அங்கேதான் போனது.

தொடங்குமுன் இரண்டு வேலை. முதலாவது, கெட்ட பற்களைப் பிடுங்கி, காயம் ஆறும்வரை காத்திருப்பது. கதிர் பட்ட தாடை எலும்பு பிறகு எளிதில் ஆறாது, அதில் பல் பிடுங்கினால் எலும்பே பழுதாகலாம். கதிர் எடுத்தவர்கள் எத்தனை வருடம் கழித்துப் பல் டொக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லவேண்டும். இரண்டாவது, முகமூடி. சுடுதண்ணீரில் போட்டு இளக்கிய வலைபோன்ற ஒரு தகட்டை முகத்தில் வைத்து அமர்த்துவார்கள். அது ஆறி இறுகி, முகத்தின் அச்சாகிவிடும். ஒவ்வொரு நாளும் அதை முகத்தின் மேல் வைத்து மேசையோடு பூட்டுவார்கள். தலை அசைந்தால் கதிர் இடம் மாறிவிடும், அதற்காக. முதல் நாள் பெரியம்மா மூச்சு முட்டியதுபோல் கையை உயர்த்தினா. தாதி ஒருவர் பூட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் இருக்கவிட்டு, மறுபடி பூட்டினார். ஐந்தாம் நாளிலிருந்து பெரியம்மா உள்ளே கிடந்து மனதுக்குள் கோளறு பதிகம் சொல்லப் பழகிவிட்டா. பதிகம் முடியமுன் மெசின் நின்றுவிடும் என்று சொல்லுவா.

முதல் இரண்டு கிழமை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் கிழமை வாய் முழுவதும் வெந்து போனது. உமிழ்நீர் வற்றி, இருந்த கொஞ்சமும் கயிறுபோல் இழுபட்டது. உப்பும் இனிப்பும் ஒன்றாகிவிட்டது. மிளகாயே போடாத பால்ச்சொதியில் இடியப்பத்தைக் கரைத்துக் கொடுத்தேன். அதுவும் முடியாத நாட்களில் குழாயால் சத்துமாக் கஞ்சியும் பாலும். நோவுக்கு மோர்பின் பாணி தந்தார்கள். பழக்கமாகிவிடும் என்று பெரியம்மா குடிக்க மறுத்தா. நோவுக்கு அளவாகக் குடிக்கிற மோர்பின் வேறு, போதைக்கு அலைவது வேறு என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். குடித்த பிறகுதான் நித்திரை கொண்டா. நோவைத் தாங்குவதில் ஒரு பெருமையும் இல்லை. நித்திரையும் சாப்பாடும் இருந்தால்தான் 30 நாளையும் முடிக்கலாம். இடையில் விடுகிற ஒவ்வொரு நாளும் புற்றுக்கலத்துக்குக் கிடைக்கிற அவகாசம்.

ஊருக்குத் திரும்பியபோது ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பெரியம்மாவிடமிருந்து இழுத்துக்கொண்டார்கள். உடம்பில் கதிர் இருக்கும் என்று நினைத்தார்களாம். வெளியிலிருந்து கொடுக்கிற கதிர், மெசின் நின்றதோடு நின்றுவிடும். புற்றுநோய் தொற்றுவதும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம். பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம். இதை நான் அந்த வீட்டுக்குப் போய் நேரே சொன்னேன், சண்டைக்கு அல்ல.

ஊசிமருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு அக்காவால். அவவுக்கு மார்பில், சிகிச்சை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில். அந்த மருந்துகள் பிரிந்துகொண்டிருக்கிற கலங்களைத் தேடி அடிக்கின்றன. மயிர்க்காலும் குடலின் உட்தோலும் எலும்பு மச்சையும் வேகமாகப் பிரிகிறவை, ஆகவே அவையும் அடிபடும். மயிர் கொட்டுவது, வாந்தி, களைப்பு எல்லாம் அதனால். மயிர் திரும்பி வரும். பயப்படவேண்டியது காய்ச்சலுக்கு. இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் குறைந்திருக்கிற நாட்களில் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்கக்கூடாது, நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த அக்காவின் வீட்டுக் கதவில் இதை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் மணலில் வேலி ஓரமெல்லாம் பூக்கிற பட்டிப்பூவை, நித்தியகல்யாணி என்றும் சொல்வோமே, அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் வந்தன. கலம் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டப்படுகிற நூல்களை இவை கட்டவிடாது. பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோயில் இன்றும் வின்கிறிஸ்டின் முக்கியமான மருந்து. இதைச் சொன்னவுடன் ஒருவர் இலையை அவித்துக் குடிக்கலாமா என்று கேட்டார். கூடாது. அது நஞ்சு. ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்கில், இரத்த நாளத்தில் ஏற்றி, இரத்தம் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிற மருந்து அது. குடத்தில் அவித்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அன்னமுன்னா இலைக்கும் இதையே சொல்வேன். சிகிச்சையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது கட்டம் மாறியிருக்கும்.

இவை தவிர, சில மார்பகப் புற்றுநோய்க்கு ஓமோனைத் தடுக்கிற குளிசை இருக்கிறது, வருடக்கணக்கில் விழுங்கவேண்டும். கலத்தின் ஒரு குறிப்பிட்ட பிழையை மட்டும் குறிவைக்கிற மருந்துகளும், உடம்பின் சொந்தக் காவலை அவிழ்த்துவிடுகிற மருந்துகளும் வந்திருக்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கோ தடுப்பூசியே உண்டு. 2017 இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். கையெழுத்துக் கேட்டுப் படிவம் வந்தால், தயவுசெய்து போடுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரின் வெல் வுமன் கிளினிக், அதாவது பெண்களுக்கான உடல்நலச் சோதனைக் கிளினிக், இருக்கிறது. நான் இந்த வருடம்தான் முதன்முதலாகப் போனேன்.

பெரியம்மாவுக்குக் கதிர் முடிந்து 14 மாதம். வாய்ப்புற்றுநோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும், அதனால் கிளினிக் அடிக்கடி. இடது கன்னம் கொஞ்சம் இழுத்தபடிதான் இருக்கிறது. எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தல். கறி இன்னும் உறைக்கிறது. இப்போது அவவின் கொட்டைப்பெட்டிக்குள் பாக்குவெட்டி இல்லை, சின்ன ரோர்ச் ஒன்று இருக்கிறது. வெற்றிலை போடுகிற ஆட்களைக் கண்டால், "ஆ காட்டு பாப்பம்" என்று அடித்துப் பார்க்கிறா. கோயிலடியிலும் பார்க்கிறா, செத்த வீட்டிலும் பார்க்கிறா. சிலர் சிரிப்பார்கள், சிலர் எழும்பிப் போய்விடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை சல்லி அம்மன் கோயிலில் கருவாடு விற்கிற ஒரு அம்மாவின் நாக்கின் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று பார்த்திருக்கிறா. தடவினால் போகவில்லை. நோவும் இல்லையாம். "நோகாட்டித்தான் காட்டோணும்" என்று பெரியம்மா அவவோடு ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்திருக்கிறா. அந்த அம்மா தனியாக வரப் பயம் என்று சொன்னதால், திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் பல் பிரிவுக்குப் போகிறோம். நம்பர் எடுக்க விடிய ஆறரைக்கு அங்கே நிற்கவேண்டும்.